ஸ்பேனரை எடுப்பதற்கு முன்: ஒரு மாரிஸ் எய்ட் காரை எழுப்புவது பற்றி

கேள்வி: தேவகோட்டைப் பக்கம் எங்கள் பூர்வீக வீட்டின் வண்டிக் கொட்டகையில் தாத்தாவின் 1936 மாரிஸ் எய்ட் கார் நிற்கிறது. துணிக்கூரை மடக்கும் நான்கு இருக்கை வண்டி. முப்பது ஆண்டாக யாரும் ஸ்டார்ட் செய்யவில்லை. முழுவதும் கழற்றிப் புதிதுபோல் ஆக்கிவிட ஆசை. எங்கிருந்து தொடங்குவது? பிறகு எப்படிப் பராமரிப்பது?

பதில்:

"முழுவதும் கழற்றி" என்ற இரண்டு சொற்களைப் படித்ததுமே எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. தயவுசெய்து கழற்றாதீர்கள். இப்போதைக்கு ஸ்பேனரையே தொடாதீர்கள். முப்பது ஆண்டு நின்ற வண்டி, கூரை ஒழுகாமல் இருந்தால், இன்னும் பத்து ஆண்டு அப்படியே நிற்கும். ஆர்வம் பொங்கும் சொந்தக்காரர் ஒரே மாதத்தில் அதைப் பதினைந்து அட்டைப்பெட்டிகளாக்கிவிடுவார். பெட்டிக்குள் போன கார்களில் மீண்டும் சாலைக்கு வந்தவற்றை நான் ஒரு கை விரல்களால் எண்ணிவிடுவேன்.

நானும் பெட்டிக்குள் போட்டவன்தான். என் முதல் வண்டியும் மாரிஸ் எய்ட். கோவைக்குக் கொண்டுவந்த இரண்டாவது வாரத்திலேயே அக்கக்காகப் பிரித்துவிட்டேன். ஒவ்வொரு போல்ட்டையும் பொட்டலம் கட்டி, காகித டேப்பில் பால்பாயிண்ட் பேனாவால் பெயர் எழுதி ஒட்டினேன். பிறகு பொட்டலங்களை அப்படியே மண்ணெண்ணெய்த் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். தட்டு சாய்ந்தது. மறுநாள் காலையில் போல்ட்டுகள் பளிச்சென்று இருந்தன, டேப்பில் ஓர் எழுத்துகூட இல்லை. எது எங்கே போகும் என்று கண்டுபிடிக்கவே பதினோரு மாதம் ஆயிற்று.

ஆகவே என் முறை இதுதான்: வண்டியை உள்ளது உள்ளபடி ஓடவைக்க முயலுங்கள். ஓடும் வண்டி தன் நோயைத் தானே சொல்லும். அது சொல்வதை மட்டும், ஒரு நேரத்தில் ஒரு பகுதியாக, கழற்றிச் சரிசெய்யுங்கள்.

உங்கள் கையில் இருப்பது என்ன என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 1932இல் வந்த போர்டு மாடல் ஒய் என்ற சின்னக் காருக்குப் போட்டியாக, 1934 இறுதியில் ஆக்ஸ்போர்டை ஒட்டிய கௌலி ஆலையிலிருந்து மாரிஸ் என்ற ஆங்கில நிறுவனம் கொண்டுவந்த வண்டி இது. பெயரிலுள்ள எட்டு, அது உண்மையில் தரும் குதிரைத்திறன் அன்று. பிரிட்டனில் அப்போது சிலிண்டரின் விட்டத்தை வைத்துக் கணக்கிட்டு வரி போட்டார்கள். அந்தக் கணக்கில் இது 8 குதிரை. உண்மையில் 918 சி.சி. எஞ்சின் 23 குதிரைக்குச் சற்று மேலே தரும். விட்டம் 57 மில்லிமீட்டர், பிஸ்டன் ஓட்டமோ 90. வரிக்குப் பயந்து ஒல்லியாகவும் நெட்டையாகவும் வளர்ந்த எஞ்சின். போருக்கு முன் இந்த வகை இரண்டு லட்சத்துக்கும் மேல் விற்றது. அதனால்தான் இன்றும் பாகம் கிடைக்கிறது. இதே ஆண்டில் வந்த வேறு பல வண்டிகளுக்கு இந்த அதிர்ஷ்டம் இல்லை.

கொட்டகையில் செய்ய வேண்டியது: முதலில் படம். நூறு அல்ல, ஐந்நூறு. வயர் எங்கே வளைகிறது, குழாய் எந்தப் பட்டையில் கட்டியிருக்கிறது, கதவின் கீலில் எத்தனை தகடு வைத்திருக்கிறார்கள், எல்லாம். அடுத்து, இருக்கைக்கு அடியிலும் மிதியடிக்கு அடியிலும் கையை விட்டுத் துழாவுங்கள். பாம்பு இருக்கலாம், டார்ச் அடித்துவிட்டுத் துழாவுங்கள். தொலைந்ததாக நீங்கள் நினைக்கும் பாகங்களில் பாதி வண்டிக்குள்ளேயே கிடக்கும். என் வண்டியின் கிராங்க் ஹாண்டில், அதாவது எஞ்சினைக் கையால் சுழற்றும் கைப்பிடி, அதை வாங்கிய வீட்டுக் கிணற்றடியில் துணி காயப்போடும் கம்பிக்கு முளையாக நின்றது. வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள்.

காகிதத்தையும் அப்போதே தேடிவிடுங்கள். பழைய ஆர்.சி. புத்தகம், வரி ரசீது, எது கிடைத்தாலும் பத்திரம். 2021 ஜூலையில் மத்திய அரசு மோட்டார் வாகன விதிகளில் பழைய வண்டிகளுக்கென்று தனிப் பிரிவு சேர்த்தது. முதல் பதிவிலிருந்து ஐம்பது ஆண்டு கடந்த இருசக்கர, நான்கு சக்கர வண்டிகள் அதில் வரும். எண்ணில் 'விஏ' என்ற எழுத்துகள் இருக்கும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய், பத்து ஆண்டுக்குச் செல்லும். இரண்டு நிபந்தனைகளை மனத்தில் வையுங்கள். ஒன்று, அப்படிப் பதிந்த வண்டியை அன்றாடப் போக்குவரத்துக்கோ வாடகைக்கோ ஓட்டக் கூடாது. கண்காட்சி, பேரணி, பராமரிப்பு, பெட்ரோல் போடுவது போன்றவற்றுக்கு மட்டும். இரண்டு, சேஸிஸ் என்னும் அடிச்சட்டம், பாடி, எஞ்சின் ஆகியவற்றைப் பெரிய அளவில் மாற்றியிருக்கக் கூடாது. "எதற்கு இந்தத் தலைவலி, அம்பாசடர் எஞ்சினை வைத்துவிடலாம் சார்" என்று உங்களிடம் ஒருவர் நிச்சயம் சொல்வார். அம்பாசடரும் மாரிஸ் குடும்பத்துப் பிள்ளைதான் என்று வாதாடவும் செய்வார். மறுத்துவிடுங்கள். வண்டியும் போகும், பதிவும் போகும்.

இனி எஞ்சின். சாவி போட்டு, பேட்டரி மாட்டிச் சுழற்றிப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள். நான்கு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் இரண்டு ஸ்பூன் அளவு டீசலும் கியர் ஆயிலும் கலந்து ஊற்றி, துணியால் மூடி ஒரு வாரம் விட்டுவிடுங்கள். நடுவில் ஒருமுறை மீண்டும் ஊற்றுங்கள். பிறகு கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு கிராங்க் ஹாண்டிலைப் போட்டு மெதுவாக அழுத்துங்கள். உதைக்க வேண்டாம், சுத்தியல் வேண்டாம், டிராக்டரில் கட்டி இழுக்கவே வேண்டாம். இறுகியிருக்கும் பிஸ்டனை இழுத்து நகர்த்தினால் ரிங் உடையும், வால்வு வளையும்.

அசையவில்லை என்றால் ஹெட்டைத் தூக்குங்கள். நான் அனுமதிக்கும் முதல் கழற்றல் அதுதான். இந்த எஞ்சினில் வால்வுகள் ஹெட்டில் இல்லை, சிலிண்டருக்குப் பக்கத்தில் பிளாக்கிலேயே நிற்கின்றன. ஹெட் என்பது ஒரு கனத்த மூடி, அவ்வளவே. அதை எடுத்தால் நான்கு பிஸ்டனும் எட்டு வால்வும் கண்முன் தெரியும். பெரும்பாலும் சிக்கியிருப்பது பிஸ்டன் அன்று, வால்வுதான். அதன் தண்டில் எண்ணெய் விட்டு, மேலே தட்டாமல் பக்கவாட்டில் விரலால் ஆட்டி ஆட்டி விடுவியுங்கள்.

ஸ்பேனர் பற்றிச் சொல்லாமல் இதைத் தாண்ட முடியாது. உங்கள் பெட்டியிலுள்ள மில்லிமீட்டர் ஸ்பேனர் இந்த நட்டுகளில் 'ஏறக்குறைய' உட்காரும். அந்த ஏறக்குறையதான் மூலைகளை மழுக்கும். நட்டின் தலை விட்வொர்த் என்ற பழைய ஆங்கில அளவு. ஸ்பேனரில் எழுதியிருப்பது தலையின் அகலம் அன்று, போல்ட்டின் தடிமன், பார்த்தவுடன் குழம்பும். அதைவிட வேடிக்கை உள்ளே இருக்கிறது. எஞ்சினில் தலை ஆங்கில அளவாக இருந்தாலும் மரை பிரெஞ்சு மில்லிமீட்டர் மரை. காரணம் ஒரு போர். ஹாட்ச்கிஸ் என்ற பிரெஞ்சு ஆயுதத் தொழிற்சாலை, முதல் உலகப்போரில் ஜெர்மன் படை பாரிஸை நெருங்கியபோது இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் ஒரு கிளை தொடங்கியது. போர் முடிந்ததும் துப்பாக்கிக்கு வேலை இல்லை, எனவே மாரிஸ் கார்களுக்கு எஞ்சின் செய்து கொடுத்தது. 1923இல் நிறுவனர் வில்லியம் மாரிஸ் அந்த ஆலையையே வாங்கிக்கொண்டார். மரை வெட்டும் இயந்திரங்கள் பிரெஞ்சு அளவில் இருந்தன. ஊர் மெக்கானிக்குகளின் கையிலோ ஆங்கில ஸ்பேனர். இரண்டையும் விட்டுக்கொடுக்காமல் ஒரு கலப்பு நட்டு பிறந்தது. வரலாறு சுவைதான். ஆனால் தலையைப் பார்த்து ஆங்கில மரை போல்ட் என்று நினைத்துக் கடையில் வாங்கிவந்து முறுக்கினால், இரண்டு சுற்று போகும், மூன்றாவது சுற்றில் துளையின் மரையைச் சீவிவிடும். பழைய போல்ட் ஒன்றைக்கூட எறியாதீர்கள்.

எஞ்சின் சுழல்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆயில் தட்டைக் கழற்றுங்கள். அடியில் தார் போன்ற கசடு ஒரு விரற்கடை நிற்கும். அதை வழித்தெடுக்காமல் இன்றைய சோப்புத்தன்மை கொண்ட ஆயிலை ஊற்றினால், கசடு கரைந்து ஆயில் பாதையில் போய் அடைக்கும். வழித்துக் கழுவிய பிறகு தாராளமாக நல்ல ஆயில் ஊற்றலாம். தட்டு கீழே இருக்கும்போதே பிஸ்டனைக் கிராங்க் தண்டோடு இணைக்கும் ஒவ்வொரு கனெக்டிங் ராடையும் கையால் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். பக்கவாட்டில் கொஞ்சம் நகர்வது இயல்பு. மேலும் கீழும் 'டொக்' என்று தட்டினால் பேரிங் தேய்ந்திருக்கிறது.

இங்கேதான் போருக்கு முந்திய கார் மற்ற எல்லாப் பழைய கார்களிலிருந்தும் பிரிகிறது. இன்று பேரிங் தேய்ந்தால் கடையில் பெட்டியில் வாங்கி மாட்டுவோம். இதில் ராடின் வாயிலேயே உருக்கி வார்த்த வெள்ளை உலோகம். பெரும்பகுதி வெள்ளீயம், கொஞ்சம் ஆன்டிமனி, கொஞ்சம் செம்பு. பட்டறைகளில் 'ஒயிட் மெட்டல்' என்பார்கள். தேய்ந்தால் பழையதை உருக்கி எடுத்துவிட்டுப் புதிதாக வார்த்துக் கடைந்தெடுக்க வேண்டும். தெரிந்த கை வேண்டும்.

நான் முதலில் கொடுத்த பட்டறை, நான்கே நாளில் பளபளவென்று திருப்பிக் கொடுத்தது. முந்நூறு கிலோமீட்டரில் எஞ்சின் தட்ட ஆரம்பித்தது. பிரித்துப் பார்த்தால் உலோகம் ராடை விட்டுச் சிப்பி போல உரிந்து வந்தது. ராடின் உட்புறத்தில் முதலில் வெள்ளீயம் பூசிப் பிடிப்பு ஏற்படுத்தாமல் அப்படியே வார்த்துவிட்டார்கள்.

இரண்டாவது முறை ஆலைகளுக்கும் பழைய ஆயில் எஞ்சின்களுக்கும் பேரிங் வார்க்கும் ஒரு பெரியவரிடம் போனேன். கோவையில் இந்தத் தொழில் இன்னும் முழுதாக அற்றுவிடவில்லை. அவர் ராடைச் சூடாக்கினார், வெள்ளீயம் பூசினார், துடைத்தார், மீண்டும் பூசினார். வெள்ளை உலோகம் உருகிய சட்டிக்குள் ஒரு காய்ந்த மரக்குச்சியை விட்டு எடுத்தார். குச்சி கொழுந்துவிட்டு எரிந்தது. அடுப்பைத் தணித்துவிட்டுக் காத்திருந்தார். மறுபடியும் குச்சி. இம்முறை எரியவில்லை, பழுப்பாகக் கருகியது. "இப்போது ஊற்றலாம் தம்பி" என்றார். வார்த்து ஆறியதும் ராடை நூலில் தொங்கவிட்டுச் சின்னச் சுத்தியலால் தட்டி, என் காதருகே கொண்டுவந்தார்.

"எப்படிக் கேட்கிறது? வெண்கலக் கிண்ணமா, விரிசல் விட்ட பானையா?"

"கிண்ணம் மாதிரிதான் ஐயா."

"பானை மாதிரிக் கேட்டால் காசு கொடுக்காதே. யாராக இருந்தாலும் சரி, நானாக இருந்தாலும் சரி."

அதன் பிறகுதான் கடைசல். கிராங்க் தண்டில் நீலம் தடவி, ராடை மாட்டிச் சுழற்றி, எங்கே நீலம் ஒட்டுகிறதோ அந்த மேட்டை மட்டும் சுரண்டி எடுக்க வேண்டும். அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்றரை, இரண்டு பங்குதான் இடைவெளி. ஒரு ராடுக்கு அரை நாள் ஆனது. அந்த பேரிங் இன்றும் ஓடுகிறது.

தண்ணீர் விஷயம் எளிது, ஆனால் எல்லோரும் தவறு செய்யும் இடம். இந்த வண்டியில் வாட்டர் பம்ப் கிடையாது, தேடாதீர்கள். எஞ்சினில் சூடான நீர் இலேசாகி மேல் குழாய் வழியே ரேடியேட்டரின் தலைக்கு ஏறும், அங்கே குளிர்ந்து கனத்துக் கீழே இறங்கி எஞ்சினுக்குள் திரும்பும். அவ்வளவுதான் சுழற்சி. ரேடியேட்டரில் நீர் மேல் குழாயின் வாய்க்குக் கீழே இறங்கிவிட்டால் சங்கிலி அறுந்தது போல, சுழற்சி நின்று எஞ்சின் கொதிக்கும். ஆகவே தினமும் நீர்மட்டம் பாருங்கள். உங்கள் பக்கத்துக் கிணற்று நீர் பல ஆண்டுகள் உள்ளே ஓடியிருக்கும். ஹெட்டைத் தூக்கிய பின் தெரியும் நீர்த் துளைகள் வழியே வளைந்த கம்பியை விட்டுக் குடையுங்கள். நான்காவது சிலிண்டரின் பின்பக்கத்தில் எனக்கு ஒரு கொட்டாங்குச்சி நிறையச் செம்மண் போன்ற துரு வந்தது. ஆசிட் ஊற்றிச் சுத்தம் செய்கிறேன் என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். துருதான் சில இடங்களில் ஓட்டையை அடைத்துக்கொண்டிருக்கும்.

பிரேக். இதில் மட்டும் 'உள்ளது உள்ளபடி' என்ற என் விதி செல்லாது. அந்தக் காலத்துச் சின்னக் கார்கள் பலவும் கேபிளிலும் கம்பியிலும் பிரேக் வைத்திருந்தபோது மாரிஸ் எய்ட்டில் எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் லாக்ஹீட் ஹைட்ராலிக் பிரேக் வந்தது. பெருமையான விஷயம்தான். ஆனால் ஒரே குழாய்த் தொடர். எங்கே ஒழுகினாலும் நான்கு சக்கரமும் கைவிட்டுவிடும். முப்பது ஆண்டு நின்ற ரப்பர் வாஷர், ரப்பர் ஹோஸ், இரும்புக் குழாய் மொத்தத்தையும் மாற்றுங்கள். சக்கரத்திலுள்ள சிலிண்டர்களின் உட்சுவர் குழி விழுந்திருந்தால் எறியாமல், பித்தளையிலோ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலோ உறை போட்டுக் கடையச் சொல்லுங்கள். பிரேக் ஆயில் தவிர வேறு எந்த எண்ணெயும் அதில் படக் கூடாது. எஞ்சின் ஆயில் பட்ட ரப்பர் ஒரே இரவில் உளுந்துவடை போல உப்பிவிடும். ஆண்டுக்கொரு முறை பிரேக் ஆயிலை முழுக்க மாற்றுங்கள், அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும். பழைய லைனிங் தூளை ஏர் அடித்து ஊதாதீர்கள். அதில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். தண்ணீர் தெளித்து ஈரத்துணியால் துடைத்துக் கட்டி எறியுங்கள்.

மின்சாரம் 6 வோல்ட். "சார், 6 வோல்ட்டில் ஒன்றும் எரியாது, 12 ஆக்கிவிடலாம்" என்பது அடுத்த இலவச ஆலோசனை. உண்மையில் குறை வோல்ட்டில் இல்லை, வயரில் இருக்கிறது. 36 வாட் பல்பு 12 வோல்ட்டில் 3 ஆம்பியர் இழுக்கும், 6 வோல்ட்டில் 6 ஆம்பியர் இழுக்கும். இரண்டு மடங்கு மின்னோட்டத்துக்கு இரண்டு மடங்கு தடிமனாவது வேண்டும். ஸ்டார்ட்டருக்கு மோட்டார் சைக்கிள் வயரைப் போட்டுவிட்டு பேட்டரியைத் திட்டுகிறார்கள். கட்டைவிரல் தடிமன் கேபிள் போட்டு, சேஸிஸ் இணைப்பைச் சுரண்டிப் பளிச்சென்று ஆக்குங்கள், சுழலும். பழைய வயரின் பருத்தி உறை பார்க்க அழகாக இருக்கும். உள்ளே ரப்பர் பொடிந்திருக்கும். வண்டியைக் கொளுத்தப்போவது அதுதான், முழுக்க மாற்றுங்கள். பேட்டரியின் எந்த முனை சேஸிஸுக்குப் போகிறது என்பதை மாட்டுவதற்கு முன் பாருங்கள். அந்தக் கால ஆங்கில வண்டிகள் பலவற்றில் பாசிட்டிவ் முனைதான் சேஸிஸில் இருக்கும்.

டைனமோவில் மூன்றாவது பிரஷ் ஒன்று இருந்தால் அதன் குணமும் தெரிந்திருக்க வேண்டும். அது பேட்டரி நிறைந்ததா என்று பார்க்காது, எஞ்சின் வேகத்தை மட்டும் பார்த்து மின்சாரம் தள்ளும். நாள் முழுக்க ஓட்டினால் பேட்டரி கொதிக்கும். தாத்தா பகலில் விளக்கைப் போட்டுக்கொண்டு போனதாக யாராவது சொன்னால் சிரிக்காதீர்கள், மிச்ச மின்சாரத்தைச் செலவழித்திருக்கிறார். ஓடும்போது பேட்டரி வயரைக் கழற்றினால் வோல்ட் எகிறி எல்லா பல்பும் ஒன்றாகப் போகும்.

பெட்ரோல். எஞ்சினின் அழுத்த விகிதம் 6ஐ ஒட்டியது, மிகக் குறைவு. விலை உயர்ந்த பெட்ரோல் அதற்குத் தேவையில்லை. ஈயம் இல்லாத பெட்ரோலைப் பற்றியும் அஞ்ச வேண்டாம், மெதுவாக ஓட்டும் வண்டிக்கு வால்வு தேயாது. தொல்லை தருவது எத்தனால். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை அதுதான். பழைய ரப்பரை இளக்கும், டேங்கில் படிந்த பிசினைக் கரைத்துக் கார்புரேட்டருக்கு அனுப்பும், ஈரத்தை இழுத்து டேங்கைத் துருவேற்றும். ஹோஸும் பம்பின் சவ்வும் எத்தனால் தாங்கும் வகையாகப் போடுங்கள். மாதக்கணக்கில் நிறுத்தப்போகிறீர்கள் என்றால் டேங்கையும் கார்புரேட்டர் கிண்ணத்தையும் வடித்துவிடுங்கள். இந்த வண்டியிலுள்ள எஸ்.யு. என்ற பெயருடைய கார்புரேட்டருக்கும் பெட்ரோல் பம்புக்கும் இங்கிலாந்தின் சால்ஸ்பரியில் இன்றும் பாகம் செய்கிறார்கள். 1960இல் தொடங்கிய மாரிஸ் ரெஜிஸ்டர் என்ற சங்கமும் இங்கிலாந்தில் இருக்கிறது. உறுப்பினராகச் சேருங்கள், அந்தப் பணம் வீண் போகாது.

அந்த எஸ்.யு. பம்ப் ஒரு நல்ல வைத்தியர். சாவியைப் போட்டதும் டிக் டிக் டிக் என்று வேகமாக அடித்து, கார்புரேட்டர் நிறைந்ததும் நின்றுவிட வேண்டும். நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்தால் பெட்ரோல் எங்கோ ஒழுகுகிறது, அல்லது டேங்க் காலி. அடிக்கவே இல்லை என்றால் உள்ளே காண்டாக்ட் கறுத்திருக்கும். ஒரு தாளை நடுவில் வைத்து இழுத்தால் போதும்.

பாடிக்கு வருவோம். உங்களுடையது மடக்குக் கூரை வண்டி என்பதால் தகட்டுக்கு உள்ளே மரச்சட்டம் இருக்கும், ஆஷ் என்னும் சீமை மரம். எங்கள் ஊர்க் கரையானுக்கு அது கடலைமிட்டாய். கதவைத் திறந்து, தூக்கிப் பிடித்துக் கீலின் பக்கம் பாருங்கள். தொங்கினால் கதவுத்தூண் போய்விட்டது. பட்டறையில் "பட்டி போட்டுச் சமாளிக்கலாம்" என்பார்கள். உளுத்த மரத்தின்மேல் பட்டி போட்டால் ஆறு மாதத்தில் வெடிக்கும். ஆஷ் இங்கே கிடைப்பது அரிது, நான் முற்றிய தேக்கில் செய்தேன். கொஞ்சம் கனம், ஆனால் நிற்கிறது. கார் வேலை தெரிந்த ஆசாரியைத் தேட வேண்டாம். பழைய சட்டத்தை, உளுத்ததாக இருந்தாலும், முழுசாக எடுத்து மாதிரிக்கு வையுங்கள். கதவு நிலை செய்யும் ஆசாரி அதைப் பார்த்தே செய்துவிடுவார். இந்த ஒரு வேலையில் மட்டும் ஒரு எச்சரிக்கை: எல்லாத் தூண்களையும் ஒரே நாளில் எடுத்துவிடாதீர்கள். ஒன்றை மாற்றி, கதவை மாட்டிப் பார்த்து, அடுத்ததற்குப் போங்கள். இல்லாவிட்டால் பாடி முறுக்கிக்கொள்ளும், எந்தக் கதவும் எந்த வாசலுக்கும் சேராது.

பெயின்ட் பற்றி எனக்குப் பிடிவாதமான கருத்து உண்டு. அடியில் தாத்தாவின் காலத்து வண்ணம் இருந்தால், உரிந்திருந்தாலும் விட்டுவிடுங்கள். கண்ணாடி போல மின்னும் மாரிஸ் எய்ட் கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு வந்தது போல இருக்கும். தொழிற்சாலையை விட்டு வந்த நாளில்கூட அது அப்படி மின்னியிருக்காது, அடிப்படை வண்டியின் விலையே 118 பிரிட்டிஷ் பவுண்டுதான். மணல் அடித்துத் துரு எடுப்பதை மட்காட் போன்ற மெல்லிய தகட்டில் செய்யாதீர்கள், நெளிந்துவிடும்.

இனி பராமரிப்பு. வாரம் ஒருமுறை, பத்து கிலோமீட்டராவது, எஞ்சின் நன்றாகச் சூடேறும்வரை ஓட்டுங்கள். கொட்டகையிலேயே ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து நிறுத்துவது நல்லதென்று பலர் நினைக்கிறார்கள். கெடுதல்தான், எரிந்த பெட்ரோலின் ஈரம் ஆயிலில் தங்கிவிடும். 1500 கிலோமீட்டருக்கு ஒருமுறை அல்லது ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்றுங்கள். ஸ்பிரிங், ஸ்டியரிங் மூட்டுகளில் கிரீஸ் நிப்பிள்கள் இருக்கும். ஒவ்வொன்றிலும் பழைய கிரீஸ் பிதுங்கி வெளியே வரும்வரை அடியுங்கள். இரண்டு மணி நேர வேலை. வெள்ளை உலோக எஞ்சினை மணிக்கு 60 கிலோமீட்டருக்குமேல் நெடுநேரம் விரட்டாதீர்கள். முதல் கியருக்கு சிங்க்ரோமெஷ், அதாவது பற்சக்கரங்களின் வேகத்தைத் தானே ஒன்றாக்கும் அமைப்பு, இல்லை, எனவே ஓடும்போது அதற்கு இறங்க வேண்டுமானால் கிளச்சை மிதித்து நியூட்ரலுக்கு வந்து, கிளச்சை விட்டு ஆக்சிலரேட்டரை ஒரு தட்டுத் தட்டி, மறுபடியும் கிளச்சை மிதித்துப் போட வேண்டும். ஒரு வாரத்தில் கை பழகும்.

செலவு கேட்கவில்லை, ஆனாலும் ஒன்று. எந்தப் பட்டறைக்கும் "மொத்தமாக முடித்துத் தருகிறேன்" என்ற பேச்சில் முன்பணம் கொடுக்காதீர்கள். பிரேக் முடிந்தால் பிரேக்குக்கு, வயரிங் முடிந்தால் வயரிங்குக்கு. இப்படிக் கொடுத்தால் நடுவில் பணம் தீர்ந்தாலும் வண்டி உருண்டுகொண்டிருக்கும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போகும்போது டார்ச், டீசல், கியர் ஆயில், ஒரு பிளக் ஸ்பேனர், நான்கு பழந்துணி மட்டும் எடுத்துப் போங்கள். அடுத்த ஞாயிறு கிராங்க் ஹாண்டிலை அழுத்துங்கள். கட்டைவிரலை மற்ற விரல்கள் இருக்கும் பக்கமே வைத்துப் பிடியுங்கள், கைப்பிடியைச் சுற்றி வளைக்காதீர்கள். பின்னாளில் எஞ்சின் உயிர் பெற்று எதிர்த்து உதைக்கும்போது மணிக்கட்டைக் காப்பாற்றப்போவது இந்தப் பழக்கம். கீழிருந்து மேலாக இழுங்கள். கால் சுற்றாவது நகர்ந்ததா, அல்லது கல்லாக நின்றதா என்று எழுதுங்கள். நகர்ந்தால் அடுத்து ஆயில் தட்டு. நகராவிட்டால் ஹெட்டைத் தூக்கும் முன் அதன் நட்டுகளை ஒரு படம் எடுத்து அனுப்புங்கள், எந்த ஸ்பேனர் என்று சொல்கிறேன்.